கப்பல் வயிற்றில் அழையா விருந்தாளிகள்

வெறுங்குடம் ஒன்றைத் தொட்டி நீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அதில் கால்பங்கு நீரை ஊற்றி மீண்டும் மிதக்க விடுங்கள். இப்போது அது நிமிர்ந்து நிற்கும். உள்ளே ஊற்றிய நீர் குடத்தின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கிவிட்டதே இதற்குக் காரணம்.

கப்பலுக்கும் இதே விதிதான். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பலின் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். அதைச் செலுத்தும் சுழல் விசிறியும் நீருக்கு மேலே தலைகாட்டும். புயலில் அகப்பட்டால் கப்பல் கவிழவும் கூடும். ஆகவே அதன் அடிவயிற்றில் ஏதேனும் ஒரு சுமை வேண்டும். இந்த அடிச்சுமையை மாலுமிகள் ‘பாலஸ்ட்’ என்பர்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கல்லும் மணலும் அடிச்சுமையாக இருந்தன. அவற்றை ஏற்றி இறக்க ஆட்கூலியும் நேரமும் செலவாயின. இரும்புக் கப்பல்கள் வந்தபின் வேறு வழி பிறந்தது. 1852 இல் இங்கிலாந்தில் ஜாரோ என்னும் ஊரில் கட்டப்பட்ட ‘ஜான் பௌஸ்’ என்ற நிலக்கரிக் கப்பல், நீரையே அடிச்சுமையாகக் கொண்ட தொடக்ககாலக் கப்பல்களுள் ஒன்று. குழாயைத் திறந்தால் நீர் வந்துவிடும்; பம்பை இயக்கினால் வெளியேறிவிடும். இதைவிட எளிய வழி ஏது?

ஆனால், துறைமுகத்து நீர் வெறும் நீர் அன்று. அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள், சிப்பிகளின் இளம் உயிரிகள், மீன் முட்டைகள், பாக்டீரியங்கள் எல்லாம் உண்டு. ஒரு கண்டத்தில் கப்பலேறும் இவை மற்றொரு கண்டத்தில் இறங்குகின்றன.

எச்சரிக்கை மணிகள்

1903 இல் ஐரோப்பாவின் வடகடலில் ஆசியக் கடல்களுக்கு உரிய டையாட்டம் ஒன்று பெருந்திரளாகக் காணப்பட்டது. அதை ஆராய்ந்த டென்மார்க் நாட்டுத் தாவரவியலார் ஆஸ்டென்ஃபெல்டு, அது கப்பலோடுதான் வந்திருக்க வேண்டும் என்று கருதினார். அந்த எச்சரிக்கை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1980களில் விளைவு வெளிப்பட்டது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த சீப்பு ஜெல்லி என்னும் உயிரி கருங்கடலில் புகுந்து பெருகியது. அது மீன் முட்டைகளைத் தின்றது. மீன்களின் உணவையும் தின்றது. ஏற்கெனவே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் நலிந்திருந்த நெத்திலி வளம் 1980களின் இறுதியில் சரிந்துவிட்டது. 1988 இல் கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிக்கு உரிய வரிக்குதிரைச் சிப்பி வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே அது மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரின் குடிநீர்க் குழாயை அடைத்து நகரையே தவிக்க விட்டது.

1991 இல் தென் அமெரிக்காவில் காலரா பரவியது. அந்நோயை உண்டாக்கும் கிருமி, மெக்சிகோ வளைகுடாவில் உள்ள அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த ஐந்து சரக்குக் கப்பல்களின் கழிவு நீரிலும் அடிச்சுமை நீரிலும் கண்டறியப்பட்டது. இனியும் வாளாவிருக்க முடியுமா?

மூன்று முறை மாற்றினால் போதுமா?

முதலில் தோன்றிய பரிகாரம் எளியது. நடுக்கடலில் தொட்டி நீரை மாற்றிவிட வேண்டும். கரையோர உயிரிகள் ஆழ்கடலில் பிழைப்பது அரிது. ஆழ்கடல் உயிரிகள் கரையில் பிழைப்பதும் அரிது. வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழையும் கப்பல்களுக்கு இதை அமெரிக்கா 1993 இல் கட்டாயமாக்கியது. தொட்டிக் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீரைச் செலுத்த வேண்டும் என்பது பின்னர் உலக விதியாயிற்று. ஏன் மூன்று மடங்கு?

புதிய நீர் உள்ளே வரும்போது பழைய நீரோடு கலந்துவிடுகிறது. எனவே வெளியேறும் நீரில் புதிய நீரும் உண்டு. ஒவ்வொரு கணமும் எஞ்சியுள்ள பழைய நீரின் அளவுக்கு ஏற்பவே அது வெளியேறுகிறது. கதிரியக்கத் தனிமம் சிதைவதும் இதே கணக்கின்படிதான். ஒரு மடங்கு நீரைச் செலுத்தியபின் 37 விழுக்காடு பழைய நீர் எஞ்சும். இரண்டு மடங்குக்குப்பின் 14 விழுக்காடும் மூன்று மடங்குக்குப்பின் 5 விழுக்காடும் எஞ்சும். விதி கேட்கும் 95 விழுக்காடு மாற்றம் அப்போதுதான் கிட்டுகிறது.

ஆனால் எஞ்சிய ஐந்தை மறந்துவிடாதீர்கள். தொட்டியில் பத்து லட்சம் இளஞ்சிப்பிகள் இருந்திருந்தால் இன்னும் 50,000 எஞ்சியிருக்கும். ஓர் இனம் வேரூன்ற அது போதாதா?

எண்ணிப் பார்க்கும் சட்டம்

ஆகவே 2004 பிப்ரவரியில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு நிறைவேற்றிய உடன்படிக்கை கடுமையான அளவுகோல் ஒன்றையும் வகுத்தது. வெளியேற்றும் நீரில், 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள உயிரிகள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். காலராக் கிருமி, ஈ.கோலை முதலியவற்றுக்கும் தனி வரம்புகள் உண்டு. இதற்காக நீரை வடிகட்டிப் புற ஊதாக் கதிரையோ குளோரினையோ செலுத்தும் கருவிகள் கப்பலில் பொருத்தப்படுகின்றன.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? ஒரு கப்பலின் நீரில் கன மீட்டருக்கு 100 பெரிய உயிரிகள் இருப்பதாகக் கொள்வோம். இது வரம்பைப் போல் பத்து மடங்கு. சோதனையாளர் பத்து லிட்டர் வாளி ஒன்றில் நீரை முகக்கிறார். சராசரியாக அதில் ஓர் உயிரி இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 37 விழுக்காடு! மேலே கண்ட அதே எண்தான், அதே கணிதம்தான். விதியை மீறிய கப்பல் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முறை தப்பித்துவிடும். எனவேதான் ஒரு கன மீட்டருக்குக் குறையாத நீரை நுண்வலையில் வடிகட்டிப் பார்க்கின்றனர்.

அகப்பட்டது உயிருள்ளதா என்பது அடுத்த கேள்வி. நீந்துவதைக் கண்டால் ஐயமில்லை. ஆனால் முட்டையும் பாசியும் நீந்துமா? உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயம் இதற்கு உதவுகிறது. புற ஊதாக் கதிர் இங்கும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. செல் உயிரோடிருக்கும், ஆனால் பெருகும் ஆற்றலை இழந்திருக்கும். அதை உயிருள்ளதாக எண்ணுவதா, கூடாதா? அமெரிக்காவின் 2012 விதிக்கும் பன்னாட்டு உடன்படிக்கைக்கும் இடையே இதில் நெடுநாள் வழக்கு இருந்தது.

போதிய நாடுகள் சேராததால் உடன்படிக்கை 13 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. பின்லாந்து சேர்ந்தபின், 2017 செப்டம்பர் 8 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு உட்பட்ட கப்பல்கள் அனைத்தும் எண்ணிக்கை வரம்பை நிறைவேற்ற வேண்டிய இறுதி நாள் 2024 செப்டம்பர் 8.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டா. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் சிப்பி பாய் விரித்தாற்போல் படிந்திருக்கிறது. அதன் தாயகம் நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் கடற்கரைகள். கப்பல்களே அதைக் கொணர்ந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு அது இடம் விடுவதில்லை. கையால் தடவி இறால் பிடிப்போரின் பிழைப்பு அதனால் நலிகிறது.

எண்ணெய் கடலில் கொட்டினால் நாளடைவில் சிதைந்துவிடும். உயிரியோ நாளடைவில் பெருகும். வந்தபின் அதை விரட்டுவது அரிதினும் அரிது. வெளியேற்றுமுன் எண்ணிப் பார்ப்பதே நாம் செய்யக்கூடிய காவல்.