தயிருக்குள் ஒரு சரித்திரம்

பால் உறையாவிட்டால் வீட்டில் பால்காரரைத் திட்டுவோம். தயிர்த் தொழிற்சாலையில் வைரஸைத் தேடுவார்கள். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவையே கொல்லும் அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர்.

1987-ல் ஒசாகாவில் இஷினோவின் குழு, ஈ. கோலை டி.என்.ஏ.வில் ஒரே வரி இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தது. காரணம் புரியவில்லை. விஷயம் இடைவெளியில்தான் இருந்தது. அங்கே இருப்பவற்றில் ஃபேஜ்களின் துண்டுகள் உண்டு என்று 2005-ல் ஸ்பெயினின் மொஹீகா எழுதினார்.

2007-ல் டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் தயிர் பாக்டீரியாமீது ஃபேஜை ஏவினார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்த சில செல்கள் எதிரியின் டி.என்.ஏ. துண்டைத் தம் டி.என்.ஏ.வில் சேர்த்திருந்தன. புதுசு முன்னால், பழசு பின்னால், நம்ம கிட் லாக் மாதிரி. துண்டை நீக்கினால் எதிர்ப்பும் போனது. துண்டின் ஆர்.என்.ஏ. நகலை வைத்துக்கொண்டு காஸ் புரதம் காவல் சுற்றும். அதே எழுத்துகளோடு ஃபேஜ் நுழைந்தால் வெட்டிவிடும்.

அப்படியென்றால் தன் நினைவையே ஏன் வெட்டுவதில்லை? ஃபேஜில் அந்தத் துண்டை ஒட்டிச் சில அடையாள எழுத்துகள் உண்டு. சேமிக்கும்போது பாக்டீரியா அவற்றை விட்டுவிடும். அடையாளம் இருந்தால்தான் வெட்டு.

2020-ல் டெல்லி ஐ.ஜி.ஐ.பி. விஞ்ஞானிகள் தேபஜோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் இன்னொரு பாக்டீரியாவின் காஸ் புரதத்தைக் கொண்டு கொரோனா பரிசோதனை உருவாக்கினார்கள். சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலுடாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பிழைத்த செல் இரண்டாகப் பிரியும்போது அந்தத் துண்டும் பிள்ளைகளுக்குப் போகிறது. நாம் படிப்பது அவர்கள் எழுதிவைத்த சரித்திரத்தை மட்டும். செத்தவை எதையும் எழுதவில்லை.