துறவுக் கோலமும் தொழில் உரிமையும்: கே. பி. சுந்தராம்பாள் கலைவாழ்வு குறித்து ஒரு கருத்து

பழனிப் பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தத்தைக் காவடியாகச் சுமந்து செல்வது கொங்கு நாட்டு மக்களின் நெடுநாளைய வழக்கம். அக்கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். காவடி சென்று சேரும் பழனியும் அதனை அடுத்த திண்டுக்கல் சமவெளியும் 1985 வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் மேடைக் கலையை இன்றளவும் கைவிடாத நிலப்பகுதி இது. திண்டுக்கல்லில் நாடக நடிகர்க்கெனத் தனிச் சங்கமே உண்டு. சுற்றியுள்ள ஊர்களின் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளித் திருமணம்’ விடிய விடிய நடைபெறக் காணலாம். சுந்தராம்பாளின் திரைப்பட வாழ்வை ஆராயப் புகுவோர் முதற்கண் இம்மேடையின் இயல்பை அறிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாய்ஸ் கம்பெனிகளில் நடிகன் முதலாளியின் கூரையின் கீழும் வாத்தியாரின் பிரம்பின் கீழும் வாழ்ந்தான். ஸ்பெஷல் நாடகம் அத்தகையதன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனி ஒப்பந்தத்தின் பேரில் வந்து, அன்று மாலையிலேயே ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை என்பது இல்லை. பாடம் எல்லோர்க்கும் தெரிந்தது. எஞ்சியதெல்லாம் தருக்கத்தில் எதிராளிக்கு விடை சொல்லும் மதியும், ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசை வரை சென்று எட்டும் குரலுமே. அத்தகைய குரல் படைத்த பெண்ணுக்கு அவள் பெயரே முதல். அப்பெயருக்கு விலை பேசும் உரிமையும் அவளுக்கு ஓரளவு வாய்த்தது. இளமையில் வறுமையுற்று, ரயிலில் பாடிப் பிழைத்தவர் என்று சொல்லப்படும் சுந்தராம்பாள், இம்மேடையில் பெண் வேடத்தோடு ஆண் வேடமும் ஏற்றுப் புகழ் பெற்றார்.

1926-இல் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கலானார்; மறு ஆண்டு இருவரும் மணந்தனர். கிட்டப்பாவிற்கு முன்னரே ஒரு மனைவி உண்டு. அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன; அன்பும் மனக்குறையும் அவற்றில் கலந்தே கிடக்கின்றன. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25.

அதன்பின் அவர் வெள்ளாடை உடுத்தார். ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இதனைக் கற்பின் திறமாக மட்டுமே போற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய துயரை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவ்வுறுதியால் விளைந்தது யாது என்பதையும் நோக்க வேண்டாவா? 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக ஆண் வேடம் பூண்டார். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பர். கணவனை இழந்த பெண் மூலையில் இருத்தல் வேண்டும் எனக் கருதிய காலத்தில், 27 வயதிற்குள் இத்தொகையை ஒருத்தி பேசிப் பெற்றாள் என்பது வியப்பிற்குரியது. படம் எதிர்பார்த்த வெற்றியை எய்தவில்லை. அது வேறு செய்தி.

பின்னர் அவர் ஏற்ற பாத்திரங்களைத் தமிழ் பயின்றோர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஜெமினியின் ஔவையார், 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1973-இல் காரைக்கால் அம்மையார். உதயகுமரனை மறுத்துத் துறவு பூண்டவள் மணிமேகலை. அழகுடல் நீத்துப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்காற் புனிதவதியார். கணவனுக்கும் இல்லறத்திற்கும் அப்பால் நின்று, தம் சொல்லாலேயே மதிப்புப் பெற்ற மகளிர் வரிசை ஒன்று நம் இலக்கியத்தில் முன்னமே இருந்தது. அவ்வரிசையே அம்மையார்க்குத் திரையில் இடம் தந்தது. காதல் நாயகியாகத் தொடர்ந்திருப்பின் நாற்பது வயதிற்குள் அவர் ஒதுக்கப்பட்டிருப்பார். ஔவையாகப் பெரும்புகழ் எய்தியபோது அவருக்கு வயது 45!

இதனை அவர் கணக்கிட்டுச் செய்தார் என நாம் கூற வரவில்லை. இழப்பும் சிறிதன்று. மேடையில் கிட்டப்பாவின் வேலனோடு இரவெல்லாம் வாதிட்ட வள்ளியைத் திரை காணவே இல்லை. அந்தக் குறும்பும் காதலும் அந்நாளைய நாடகக் கொட்டகைகளோடு போயின. அவரைத் தெய்வப் பாடகி என்று மட்டும் அறிந்த தலைமுறைக்கு இவ்விழப்பு தெரியாது.

தமிழ்நாட்டுச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 1980-இல் மறைந்தார். விருதுகளினும் நம் ஆய்விற்கு உதவுவது 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’. கனி கிட்டாமல் சினந்து பழனிக்கு வந்த முருகனை ஔவையாக நின்று அவர் தேற்றும் பாடலின் முற்பகுதி, 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றியது, பிற்பகுதி கண்ணதாசனுடையது. ஒலிவாங்கி எதிரே இருந்தும், திறந்த வெளியில் கடைசி வரிசைக்குப் பாடுவது போலவே உச்சத்தில், எழுத்தெழுத்தாக, அம்மையார் அதனைப் பாடுகின்றார்.