மேப்ல ரோடு இருக்கு... நடைபாதை இருக்கா?

'நடந்து போக வழி காட்டு'ன்னு மொபைல்ல கேட்கிறீங்க. ஆப் காட்டுற ரோட்டுல நடைபாதையே இல்லை. ஒரு பக்கம் பஸ், இன்னொரு பக்கம் திறந்த சாக்கடை. ஆப் மேல தப்பு சொல்ல முடியாது. அந்த ரோட்டுல நடைபாதை இருக்கா, இல்லையான்னு யாருமே அதுக்குச் சொல்லலை.

சொல்லலாம். 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற ஆப்கள் இந்தத் தகவலை வைத்துத்தான் வழி சொல்கின்றன. இதில் ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நாம் ஒட்டும் சீட்டுதான் 'டேக்'. இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. பதியும்போது ஆங்கில எழுத்தில்தான் பதியணும்.

நடைபாதைக்கான டேக் 'சைடுவாக்'. ரெண்டு பக்கமும் இருந்தா 'போத்', ஒரு பக்கம்னா 'லெஃப்ட்' அல்லது 'ரைட்'. புதுசா வர்றவங்க தடுக்கி விழுற இடம் இதுதான். எது இடது? நீங்க நிற்கிற திசையை வைத்து இல்லை; கோடு எந்தத் திசையில் வரையப்பட்டதோ, அதை வைத்து. எடிட்டரில் கோட்டின் மேல் சின்ன அம்புக்குறி தெரியும். அதைப் பார்க்காம பதிஞ்சா, இல்லாத பக்கத்துல நடைபாதை முளைச்சிடும்.

நடைபாதையே இல்லைன்னா? 'நோ'ன்னு பதியணும். 'இல்லாததை எதுக்குப் பதியணும்?'னு தோணும். டேக் இல்லைன்னா 'யாரும் இன்னும் பார்க்கலை'ன்னு அர்த்தம். 'நோ'ன்னா 'பார்த்தாச்சு, இல்லை'. வீல்சேரில் போகிற ஒருவருக்கு வழி தேடும் ஆப், அந்த ரோட்டைத் தவிர்க்க இந்த ஒரு வார்த்தை போதும்.

இன்னொரு முறை, நடைபாதையைத் தனிக் கோடாகவே வரைவது. சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த நடைபாதை வளாகம் மாதிரி அகலமான இடங்களுக்கு இது பொருத்தம். அகலம், தரை எப்படி, விளிம்பு எவ்வளவு உயரம் எல்லாத்தையும் தனியே சொல்லலாம். விளிம்பு உயரம்தான் உயிர். தரையோடு தரையா இருந்தா 'ஃப்ளஷ்', சுமார் 3 செ.மீ. வரை தாழ்த்தியிருந்தா 'லோயர்ட்', அதுக்கு மேலே 'ரெய்ஸ்ட்'. நாம யோசிக்காம தாண்டிப்போற ஒரு படி, வீல்சேருக்குச் சுவர்.

ஆனா, தனிக்கோடு வரைஞ்சா வேலை அதோட முடியாது. ஜங்ஷனிலும் ரோடு கடக்கும் இடங்களிலும் அதைச் சாலையோடு இணைக்கணும். இல்லைன்னா எதிர்க்கடைக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுத்தச் சொல்லும் ஆப். சாலைக்கோட்டில் 'செப்பரேட்'னு பதியவும் மறக்கக் கூடாது. 'போத்'னு விட்டுட்டா ஒரே நடைபாதை ரெண்டு தடவை கணக்காகும். இணைக்கப் பொறுமை இல்லைன்னா, முதல் முறையிலேயே பதிவது நல்லது என்பது என் கருத்து.

சைக்கிளுக்கு 'சைக்கிள்வே'. வெறும் பெயின்ட் கோடு மட்டும் பிரிச்சா 'லேன்'. விளிம்புக்கல், தடுப்பு, புல்தரைன்னு ஏதாவது நடுவே இருந்தா 'ட்ராக்'. சந்தேகம் வந்தா, ஒரு கார் அலுங்காம உள்ளே வர முடியுமான்னு பாருங்க. முடிஞ்சா அது 'லேன்'தான். இதை மாத்திப் பதிஞ்சா, பாதுகாப்பான வழின்னு நம்பி பள்ளிக்கூடப் பிள்ளை லாரி பக்கத்துல சைக்கிள் மிதிக்கும்.

லேன்ல ஆட்டோ நிறுத்தியிருந்தாலும் லேன், லேன்தான். (கோபம் நியாயம், அதைத் தீர்க்க மேப் இடமில்லை!) அதே நேரம், 'விரைவில் சைக்கிள் பாதை'ன்னு அறிவிப்பு வந்ததுமே வரையக் கூடாது. இன்னிக்குத் தரையில இருக்கிறதை மட்டும்தான் பதியணும். கூகுள் மேப்பைப் பார்த்து காப்பி அடிக்கவும் அனுமதி இல்லை.

தொடங்க, ஆண்ட்ராய்டில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' ஆப் எளிது. ரோட்டுல நின்னுக்கிட்டே 'இங்கே நடைபாதை எந்தப் பக்கம்?'னு படம் காட்டிக் கேட்கும். தொட்டா போதும், டேக்கை அதுவே எழுதிக்கும். நீங்க பதிஞ்சது ஆஃப்லைன் மேப் ஆப்களில் உடனே தெரியாது. அடுத்த முறை அந்த ஊர் மேப்பை அப்டேட் செய்யும்போதுதான் வரும்.