ஸ்கிரம்

ஹைதராபாத் ராயதுர்கத்தின் டி-ஹப் ஸ்டார்ட்அப் மையத்திலும் மாதாப்பூர் அலுவலகங்களிலும் காலையில் அடிக்கடி காதில் விழும் சொல். ரக்பி ஆட்டத்தில் இரு அணியினரும் தோள் கோத்துக் குனிந்து, பந்துக்காக முட்டித் தள்ளும் நிலைக்குப் பெயர் ஸ்கிரம். வேர்ச்சொல் 'ஸ்கிர்மிஷ்', சிறு மோதல் என்று பொருள். 1986இல் டகேயுச்சி, நோனாகா என்ற ஜப்பானிய அறிஞர்கள், புதுப்பொருள் உருவாக்கும் குழுவுக்கு இதை உவமையாக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தவை ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்கள், மென்பொருள் அல்ல. இதை மென்பொருளுக்கான முறையாக 1995இல் முன்வைத்தவர்கள் மென்பொருள் வல்லுநர்களான சதர்லாந்தும் ஷ்வேபரும்.

இம்முறையில் சிறு குழு, தினமும் 15 நிமிடக் கூடல். 'ஸ்கிரம் மாஸ்டர்' மேலாளர் அல்லர், தடை நீக்குபவர். நம் ஊரில் மாஸ்டர் என்றாலே பிரம்புதான் நினைவுக்கு வரும். கூடலும் பல இடங்களில் வீட்டுப்பாடம் ஒப்பிப்பதாகிவிட்டது. நாலு பேர் ஒரே மேசையில் உட்காரும் ஸ்டார்ட்அப்புக்கு மாஸ்டர் எதற்கு?