சூளைக்கு ஆகும் உடம்பு

‘பொட்டச்சிக்கு என்னடி ஓட்டம்?’ என்று தலைமயிரைப் பிடித்து என்னை வீட்டுக்கு இழுத்துவந்தாள் அம்மா. அன்றைக்குப் பகல் முழுக்கச் சேற்றில் குனிந்து நடவு நட்டுவிட்டு வந்தவள் அவள். நானும் கூடப் போய் நட்டிருந்தால் ஒருத்தரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஊர்த் திடல் சாதி இந்துக்களுடையது. எங்கள் பையன்கள் கால் வைத்தால் அடிதடி. அதனால் அண்ணன்மார்கள் அம்பேத்கர் பெயரில் மன்றம் வைத்து, ஏரி உள்வாயில் கருவேல முள்ளை வெட்டிக் கபடிக்குக் களம் போட்டார்கள். வெட்டிய முள்ளைச் சுமந்தது நாங்கள். களம் ஆனதும் எங்களுக்குக் கிடைத்தது தண்ணிக்குடம். ‘நாங்களும் ஆடறோம்ணே’ என்றதற்கு, ‘உங்க உடம்பு தாங்காது, போங்க’ என்றார்கள். ஊர் எங்களுக்குச் செய்ததை எங்கள் மன்றமும் செய்தது.

‘தாங்காது’ என்பது பழைய பேச்சு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடியவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் வரை, 32 வருஷம், திருப்பித் தரவில்லை. அந்த 32 வருஷமும் வயலிலும் சூளையிலும் நம் பெண்கள் சுமந்த சுமையை யாரும் ‘தாங்காது’ என்று இறக்கிவைக்கவில்லை.

அதே 800 மீட்டரில், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வாங்கினார். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள்; தலித். ஓடக் கற்றுக்கொடுத்து, காலுக்கு ஷூ வாங்கிக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். சூளையில் கல் சுமக்கிற பெண்ணின் உடம்பை எவன் சோதித்தான்? அரசு கொடுத்த பணத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2012-ல் பிழைப்புக்காக அவரே சூளையில் கூலிக்கு நின்றார். அரசுப் பயிற்சியாளர் வேலை அதற்கப்புறம்தான் வந்தது.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில், கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். நகரத்துக்குள்ளிருந்த குடிசைகளைப் பிடுங்கி, அந்த மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு களம் இருந்தது.

என் அம்மாவுக்கு ஓட்டத்தின்மேல் கோபமில்லை என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது. இருட்டுகிற நேரத்தில், முள்ளுக்காட்டு வழியில், சேரிப் பெண்ணை எவனும் எதுவும் செய்யலாம் என்பது அவள் கண்ட வாழ்க்கை. அந்தப் பயத்தை அடித்துத்தான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

மன்றத்துத் தோழர்களே, ஜெயித்துவந்த பெண்ணுக்குப் பேனர் கட்டுவது பிறகு இருக்கட்டும். சாயங்காலம் களத்தில் பாதியை விடுங்கள். களத்துக்குப் போகிற வழிக்கு விளக்குப் போடுங்கள். வீட்டுக்கு வீடு போய் அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணிக்குடத்தைக் கொஞ்சநாள் நீங்கள் தூக்குங்கள்.