கொற்கையை விட்டுக் கடல் போகவில்லை

கொற்கை என்று பேச்சு வந்தாலே ‘கடல் உள்வாங்கிடுச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பெரிப்ளூஸ் நூலும் தாலமியும் ‘கொல்கோய்’ என்று குறித்த பாண்டியரின் முத்துத் துறை, இன்று கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கடல் போனதா, நிலம் வந்ததா?

இந்தக் கேள்வியோடு நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை விரித்தால் முதலில் ஏமாற்றம்தான். இதில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. திருமங்கலத்துக்கு மேற்கே மலைப்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் பழுப்புக் கோடுகள், தாமிரபரணி முகத்துவாரத்தில் ஏறக்குறைய இல்லை. அவ்வளவு தட்டை.

ஆனால் கண்மாய்களுக்கு நடுவே வளர்ந்த எங்க பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. கண்மாய்க்குக் கரை போடுவது பள்ளத்துப் பக்கம். தண்ணீர் பரவுவது மேட்டுப் பக்கம். கோடு சொல்லாத சரிவைக் கரை சொல்லிவிடும். கொற்கைப் பக்கத்துக் குளங்களையும் அப்படித்தான் வாசிக்கணும்.

அடுத்து, பெயர்கள். கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை: காசு அடித்த இடம். மாறமங்கலம்: மாறன் என்பது பாண்டியர் பெயர். துறைமுகம் போய்விட்டது, அதன் அலுவலகங்கள் ஊர்ப்பெயராக உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது மூன்று ஊர்களைக் குறித்துப் பாருங்கள். சங்க காலத்துக் கொற்கை உள்ளே. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் சொன்ன ‘காயல்’ எனக் கருதப்படும் பழையகாயல், அதைவிடக் கடலுக்கு அருகே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து தங்கிய புன்னைக்காயல், ஆறு கடலில் சேரும் இடத்திலேயே. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறது. 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்த கால்டுவெல், ஆறு கொண்டுவந்த வண்டலே இதற்குக் காரணம் என்றார். வரைபடமும் அதையே சொல்கிறது: கடல் பின்வாங்கவில்லை, ஆறு முன்னேறியது.

இது பழங்கதை மட்டுமல்ல. மேலே பாபநாசமும் மணிமுத்தாறும். கீழே கடைசி அணைக்கட்டான திருவைகுண்டம். வண்டல் அங்கங்கே தங்கிவிடுகிறது. 2015இல் திருவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஈராயிரம் வருஷம் நிலம் கட்டிய ஆற்றின் கையைக் கட்டிவிட்டோம். ‘கடல் உள்வாங்கிடுச்சு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அது திரும்பி வரும்போதும் கடலைத்தான் குறை சொல்வோம்.