கடல் கொண்ட கண்டமும் எங்கள் மலையும்



நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்வார்கள். பதுளையிலிருந்து பார்த்தால் மேகத்துக்குள் மறைந்தும் தெரிந்தும் நிற்கும் மலை. அதன் அடிவாரத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் குந்தியிருந்து என் தாத்தா சொல்வார்: "நம்ம பூமி ரொம்பப் பெருசுடா தம்பி. கடலு தின்னது போக மிச்சம்தான் இது."

பின்னாளில் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் அதையே நான் முழங்கினேன். குமரிக்கண்டமே லெமூரியா, அதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றேன். முதற் பரிசு கிடைத்தது. நான் சொன்னது சரியா என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்க வைத்தது 2013ஆம் ஆண்டு வந்த ஒரு செய்தி. "சேர், குமரிக்கண்டத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்களாம்!" என்று பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் குதூகலித்தார். நான் தேடிப் படித்தேன்.

மொறீஷியஸ் எரிமலைக் குழம்பில் உருவான தீவு. அதன் வயது ஒரு கோடி ஆண்டுகூட இல்லை. ஆனால் அதன் கடற்கரை மணலில் கிடைத்த சிர்க்கோன் மணிகளுக்கு 66 கோடி முதல் 197 கோடி ஆண்டு வரை வயது என்று ஒஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ட்ரொண்ட் டோர்ஸ்விக் குழுவினர் கண்டனர். சிர்க்கோன் நமக்குப் புதிதல்ல. 'மாத்தறை வைரம்' என்று நம் நாட்டில் பெயர் பெற்ற கல் அதுவே. அதற்குள் சிறையுண்ட யுரேனியம் சிறிது சிறிதாக ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும்.

மணலைக் காற்றும் கப்பலும் கொண்டுவந்திருக்கலாமே என்று சிலர் ஐயுற்றனர். 2017இல் தென்னாபிரிக்கப் பேராசிரியர் லூயிஸ் அஷ்வால் குழுவினர், அத்தீவின் பாறைக்குள்ளேயே 300 கோடி ஆண்டு வயதுடைய சிர்க்கோன்களைக் காட்டினர். பாறையின் வயதோ சுமார் 60 இலட்சம் ஆண்டுதான். மேலெழுந்த எரிமலைக் குழம்பு, அடியில் புதைந்திருந்த பழைய கண்டத் துண்டொன்றைக் கீறி அந்த மணிகளை எடுத்து வந்திருக்கிறது. அத்துண்டுக்கு 'மொறீஷியா' என்று பெயரிட்டார்கள்.

ஆகவே கடலுக்கடியில் கண்டம் உண்டு. ஆனால் அது குமரிக்கண்டமா?

லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர். மடகஸ்காரின் லெமூருக்கும், நம் காடுகளில் விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்க அவருக்கு நடுவில் ஒரு நிலம் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்பது பின்னர் உறுதியானதும் அந்த நிலத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. கொண்டுவானா என்ற பெருநிலத்தில் இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா யாவும் ஒட்டியிருந்தன. இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தப் பிரிவிலே இழுபட்டு மூழ்கியதுதான் மொறீஷியா. நம் மனித இனத்துக்கு வயது 3 இலட்சம் ஆண்டுகளே. அந்த மண்ணில் எந்தப் புலவன் பாடியிருக்க முடியும்?

அப்படியானால் இறையனார் களவியலுரை சொல்லும் கடல்கோளும், அடியார்க்குநல்லார் எழுதிய எழுநூற்றுக் காவத நிலமும் வெறும் பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு விட சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் தரைவழியே இணைந்திருந்தன. பனி உருகி அந்நிலம் மெல்ல மெல்ல நீருள் போயிற்று. கரையோர மக்கள் ஊரிழந்த துயரம் தலைமுறை தாண்டிக் கதையாக வளர்ந்திருக்கலாம். கதைக்கு அந்த மதிப்பைக் கொடுப்போம்; கல்லின் சாட்சியைக் கதைக்காகத் திரிக்க வேண்டாம்.

இன்னொன்றும் என் மனதைத் தொட்டது. அந்த மொறீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களிலே தமிழரும் இருந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் துறை இன்று 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரில் 2006 முதல் உலக மரபுச் சின்னம். அதே தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் காட்டு வழியே கால்நடையாக இந்த மலைகளுக்கு வந்தவர்கள் எங்கள் முன்னோர். வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர்களை நாம் எழுதி வைக்கவில்லை. 1948இல் குடியுரிமை போயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. இவை கடல் கொண்டவை அல்ல, மனிதர் கொண்டவை.

தாத்தா ஏன் அந்தக் கதையை விடாமல் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. பேருக்கு ஒரு துண்டு நிலமும் இல்லாதவருக்கு, மூழ்கிய கண்டமாவது சொந்தமாக இருக்கட்டுமே என்ற ஆசை. அந்த ஆசையை நான் பழிக்கமாட்டேன்.

ஆனால் ஊவாவின் இந்தப் பாறைகளும் கொண்டுவானாவின் துண்டுகளே. 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. தொலைந்த பெருநிலத்தின் மூழ்காத பகுதியிலேதான் தாத்தா நாளெல்லாம் முள்ளுக் குத்தினார். அவருக்கு இதைச் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. இளைய நேயர்களே, உங்கள் லயத்தில் முதியவர் ஒருவர் இருந்தால் இன்று மாலையே அருகில் அமருங்கள். அவர் ஊரையும் வந்த வழியையும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.